நிரல் எழுதுவோர் கைக்கொள்ளும் மரபு

பலர் கூடிச் செய்யும் எத்தொழிலுக்கும் ஒரு மரபு வேண்டும். ஒருவன் தன் தோட்டத்திலே தன் மனம்போல் பாத்தி கட்டலாம். ஊரார் அனைவரும் நீர் பாய்ச்சும் வாய்க்காலை அவன் தன் மனம்போல் வெட்டலாகாது. கணினிக்கு நிரல் எழுதும் தொழிலும் இதற்கு விலக்கன்று. சி மொழியில் இயற்றப்பெற்ற நிரல் நூலகம் ஒன்றை ஈண்டு எடுத்துக்கொண்டு, அதனை எழுதுவோர் கைக்கொள்ளும் எழுத்து மரபுகள் யாவை, அவை எதன்பொருட்டு ஏற்பட்டன, அவற்றைக் கைவிடின் விளையும் தீங்கு யாது என்பவற்றை ஒருவாறு ஆராய்வோம்.

சி மொழியும் நிரல் நூலகமும்

சி என்பது அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி என்பவர் 1972-ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய நிரல் மொழி. 1978-இல் அவரும் பிரையன் கெர்னிகன் என்பாரும் சேர்ந்து இம்மொழிக்கு ஒரு நூல் எழுதினர். 1989-இல் அமெரிக்கத் தர நிறுவனம் அதற்கு முறையான இலக்கணம் வகுத்தது. அரை நூற்றாண்டு கடந்தும் இம்மொழி வழக்கொழியவில்லை. இயங்குதளங்களின் உட்பகுதிகளும், பலரும் அன்றாடம் கையாளும் கருவிகளின் உள்ளுறுப்புகளும் இன்றும் பெரும்பாலும் இதனாலேயே ஆக்கப்படுகின்றன.

நிரல் நூலகம் என்பது தானே தனித்து இயங்கும் நிரலன்று. பிற நிரல்கள் வேண்டும்போது அழைத்துப் பயன்கொள்ளுதற்கென்று ஆக்கிவைத்த செயற்கூறுகளின் தொகுதியே அது. தச்சன் ஒருவன் கதவு செய்யுங்கால் கீலையும் தாழையும் தானே உருக்கி வார்ப்பதில்லை. கொல்லன் செய்து வைத்ததை வாங்கிப் பொருத்துகின்றான். அவ்வாறே நிரல் எழுதுவோன் ஒவ்வொன்றையும் தானே எழுதாது நூலகத்தை நாடுகின்றான். இதன்கண் ஒரு நுட்பம் உளது. கீல் பழுதாயின் ஒரு கதவு பழுதாகும்; நூலகம் பழுதாயின் அதனைப் பொருத்திய எல்லா நிரல்களும் ஒருங்கே பழுதாகும்.

நாம் எடுத்துக்கொள்ளும் நூலகம் லிப்கர்ல் என்பது. சுவீடன் நாட்டினராகிய டேனியல் ஸ்டென்பெர்க் என்பவர் 1998-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கர்ல் என்னும் பெயரால் ஒரு நிரலை வெளியிட்டார். இணையத்தின் வழியே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் தரவுகளைக் கொண்டு சேர்ப்பது அதன் பணி. 2000-ஆம் ஆண்டில் அதன் உட்பகுதி தனி நூலகமாகப் பிரிக்கப்பட்டது. இன்று கைப்பேசி, தொலைக்காட்சிப் பெட்டி, மோட்டார் வண்டி முதலியவற்றுள்ளும் அஃது அமைந்துள்ளது. பல நாடுகளிலிருந்து, ஒருவரையொருவர் நேரில் கண்டிராத பலர் அதற்கு நிரல் எழுதி உதவியுள்ளனர். அத்துணைப் பேரும் எழுதியது ஒருவர் எழுதியதுபோல் தோன்றவேண்டும் என்பதே அந்நூலகத்தின் எழுத்து விதிகளுக்கு அடிப்படை.

யாருக்காக எழுதுகிறோம்?

நிரலைப் படிப்போர் இருவர்: ஒன்று பொறி, மற்றொன்று மனிதன். சி மொழியில் எழுதியதைப் பொறி அறியும் கட்டளைகளாகப் பெயர்த்துத் தரும் கருவிக்குக் கம்பைலர் என்று பெயர். அக்கருவி இடைவெளியையும் வரிப்பிரிவையும் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. நூறு வரிகளாக எழுதத்தக்க செயற்கூற்றை ஒரே வரியில் நெருக்கி எழுதினும் அது முணுமுணுக்காது ஏற்றுக்கொள்ளும். ஆயின் அவ்வாறு எழுதியதை மனிதன் எங்ஙனம் படிப்பான்?

தமிழ் பயிலும் நமக்கு இவ்விடர் புதியதன்று. பழைய ஏட்டுச் சுவடிகளில் சொற்களுக்கிடையே வெளி இராது. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. எழுதியவருக்கு அது விளங்கியே இருந்திருக்கும். பின்னாளில் அவற்றை அச்சேற்ற முனைந்த பெரியோர் சொல்லைப் பிரிக்கவும் பொருள் காணவும் பட்ட பாட்டினை நாம் அறிவோம். நிரலும் அத்தகையதே. எழுதுவது ஒருமுறை, படித்துத் திருத்துவதோ பன்முறை. எழுதியவரல்லாத ஒருவரே பெரும்பாலும் அதனைத் திருத்துகின்றார். ஆதலின் எழுத்து மரபு பொறிக்காக ஏற்பட்டதன்று, பின்வரும் மனிதனுக்காக ஏற்பட்டது என்பதை முதற்கண் மனங்கொள்க.

கண்ணுக்குரிய விதிகள்

லிப்கர்ல் நூலகத்தின் விதிகளுட் சில வருமாறு. ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் தொடர்களை இரண்டு இடைவெளி உள்தள்ளி எழுதவேண்டும். டேப் எழுத்தைப் பயன்படுத்தலாகாது. ஒரு வரி 79 எழுத்துகளுக்கு மேற்படலாகாது. நிபந்தனைச் சொல்லை அடுத்து வரும் நெளிவு அடைப்பு அவ்வரியிலேயே தொடங்கும். செயற்கூற்றின் நெளிவு அடைப்போ தனி வரியில் தொடங்கும். நிபந்தனையையும் அதன்வழிச் செய்யும் செயலையும் ஒரே வரியில் எழுதலாகாது.

இவ்விதிகள் இயற்கையில் அமைந்தவை அல்ல. 1991-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருநிரலில் உள்தள்ளல் எட்டு எழுத்து அகலமுள்ள டேப். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டத்தில் உள்தள்ளல் இரண்டு இடைவெளி; ஆயின் அடைப்புக் குறி தனி வரியில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கூறுவர். அகலமாகத் தள்ளினால் அமைப்புத் தெளிவாகும் என்பர் ஒரு சாரார். குறைவாகத் தள்ளினால் வரி நீளாது என்பர் மற்றொரு சாரார். வரிநீளத்திற்கு எல்லை வகுத்ததற்கோ பழங்காரணமும் புதுக்காரணமும் உண்டு. 1928-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட துளையட்டையில் 80 பத்திகள் இருந்தன. அவ்வளவு பிற்காலத்துத் திரைகளுக்கும் வந்துசேர்ந்தது. இன்று அட்டைகள் மறைந்தன. எனினும் குறுகிய வரி கண்ணுக்கு எளிது என்பதும், இரு கோப்புகளை அருகருகே வைத்து ஒப்பிட உதவும் என்பதும் மெய்யாகவே நிற்கின்றன.

இரண்டு, எட்டு என்னும் எண்ணிக்கை எதுவாயினும் ஆகுக. ஒன்றைத் தெரிந்தெடுத்து எல்லோரும் அதன்வழி நிற்றலே பொருள். இதற்கு இரு பயன்கள் உள்ளன. முதலாவது, நிரலில் நேரும் ஒவ்வொரு மாற்றமும் வரிவரியாகப் பதிவு செய்யப்படுகின்றது. வருவோர் போவோரெல்லாம் தத்தம் விருப்பப்படி வரிகளை மாற்றியடுக்கின், பொருள் மாறிய இரண்டு வரிகள் தோற்றம் மட்டும் மாறிய இருநூறு வரிகளுள் மறைந்துபோம். இரண்டாவது பயனே பெரிது. ஒழுங்காக நிற்கும் அணியில் ஒருவன் தவறி அடி வைப்பின் அப்போதே தெரியும். கூட்டத்தில் யார் தவறி நடந்தார் என்று யாரால் கூறமுடியும்? சீரான நிரலிற் பிழை தானே முன்வந்து நிற்கும்.

ஒரே வரி இருமுறை

கண்ணை ஏமாற்றும் தோற்றம் என்ன செய்யும் என்பதற்கு 2014-ஆம் ஆண்டு ஒரு சான்று கிடைத்தது. ஆப்பிள் நிறுவனத்தின் கருவிகளில், மறைமொழியாற் காக்கப்படும் இணையத் தொடர்புகளை நடத்தும் நூலகம் ஒன்று உண்டு. வங்கியின் பெயரால் நம்மோடு பேசும் கணினி மெய்யாகவே அவ்வங்கியினுடையதுதானா என்று அதன் கையொப்பத்தைச் சோதித்தல் அந்நூலகத்தின் கடமை. அச்சோதனை பல படிகளாக நடக்கும். ஒவ்வொரு படியின் பின்னும், ‘பிழை நேரின் இறுதிப் பகுதிக்குச் செல்க’ என்னும் கருத்துடைய நிபந்தனை ஒன்று எழுதப்பட்டிருந்தது. நிபந்தனை ஒரு வரி. ‘கோட்டு ஃபெயில்’ என்னும் கட்டளை அதனடியில் உள்தள்ளிய மற்றொரு வரி. நெளிவு அடைப்பு இல்லை.

ஓரிடத்தில் அக்கட்டளை அடுத்தடுத்து இருமுறை வந்துவிட்டது. அடைப்பு இல்லாதபோது நிபந்தனை தன்னை அடுத்த ஒரே ஒரு தொடரையே ஆளும் என்பது சி மொழியின் இலக்கணம். ஆதலின் இரண்டாவது வரி நிபந்தனைக்குள் அடங்காது. பிழை இருப்பினும் இல்லாவிடினும் அது நிறைவேறியே தீரும். ஆயின் முதல் வரியோடு ஒப்ப உள்தள்ளி நின்றமையால், படிப்போர் கண்ணுக்கு அதுவும் நிபந்தனைக்குள் அடங்கியதுபோலவே தோன்றிற்று. விளைவு யாது? கையொப்பத்தைச் சோதிக்கும் கடைசிப் படி ஒருபோதும் நடைபெறவில்லை. அதற்குமுன் பிழை எதுவும் நேராதிருந்தமையால் ‘குற்றமில்லை’ என்ற விடையே திரும்பிற்று. தொடர்பின் இடையே புகவல்ல வஞ்சகன் ஒருவன் தன்னை வங்கியென்று சொல்லிக்கொள்ள வழி திறந்திருந்தது. ஓராண்டுக்கு மேல் அவ்வழி அடைபடாமலே இருந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 21-ஆம் நாள் கைப்பேசிகளுக்கும், 25-ஆம் நாள் மேசைக் கணினிகளுக்கும் திருத்தம் வெளியிடப்பட்டது.

நன்னூலார் நூற்குற்றங்களுள் ஒன்றாகக் கூறியது கூறலை எண்ணினார். மனிதன் படிக்கும் நூலில் அஃது அலுப்பினைத் தரும். இங்கோ காவலையே அழித்தது. நிபந்தனை ஒவ்வொன்றிற்கும் அடைப்பு இடுக என்னும் மரபு அங்கு இருந்திருப்பின், மிகையான வரி அடைப்புக்குள் வீழ்ந்து தீங்கின்றிக் கிடந்திருக்கும். அல்லது அடைப்புக்கு வெளியே தனித்து நின்று கண்ணிற் பட்டிருக்கும். லிப்கர்ல் நூலகம் ஒற்றைத் தொடருக்கு அடைப்பை விட்டுவிட இடந்தருகின்றது. ஆகவே அடைப்பு ஒன்றே வழியென்று நாம் கூறவில்லை. தோற்றமும் பொருளும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பதே கருத்து. 2016-இல் வெளிவந்த ஜிசிசி கம்பைலரின் ஆறாம் பதிப்பு, பொருளோடு பொருந்தாத உள்தள்ளலைக் கண்டால் எச்சரிக்கத் தொடங்கிற்று. பொருட்படுத்தாதிருந்த பொறியும் மனிதன் கண்ணைக் காக்க வேண்டி உள்தள்ளலைப் பார்க்கலாயிற்று என்பது கருதத்தக்கது.

பெயருக்குரிய விதிகள்

பெயரிடும் மரபோ சுவையைப் பற்றியதன்று, தேவையைப் பற்றியது. சி மொழியில் ஒரு கோப்புக்கு வெளியே தெரியும் செயற்கூற்றுப் பெயர்கள் யாவும் ஒரே பொதுவெளியில் நிற்கின்றன. ஊரில் முருகன் என்று பத்துப்பேர் இருப்பின் தந்தை பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துப் பிரித்தறிகிறோம். சி மொழி அத்தகைய முதலெழுத்தைத் தானே தருவதில்லை. இரு நூலகங்கள் ‘திற’ என்னும் பொருளுடைய ஒரே பெயரைத் தத்தம் செயற்கூற்றுக்கு இட்டுவிட்டால், இரண்டையும் ஒரு நிரலில் இணைக்குங்கால் மோதல் விளையும்.

ஆகவே நூலகத்தார் தாமே முன்னொட்டு ஒன்றை வகுத்துக்கொள்கின்றனர். லிப்கர்ல் நூலகத்தில் வெளியார் அழைத்தற்குரிய செயற்கூறுகள் யாவும் ‘கர்ல்’ என்பதைச் சிறிய எழுத்தில் எழுதி, அடிக்கோடு ஒன்றிட்டுத் தொடங்கும். நூலகத்தின் கோப்புகள் தமக்குள் மட்டும் பயன்படுத்துவன அதே சொல்லைப் பெரிய முதலெழுத்தோடு எழுதித் தொடங்கும். ஒரே கோப்புக்குள் அடங்குவனவற்றிற்கு முன்னொட்டு வேண்டுவதில்லை. இதனாற் பெயரைக் கண்டவளவிலேயே, இது வீட்டின் வாயிலா, உட்கூடமா, அடுக்களையா என்று அறிகின்றோம். வாயிலை மாற்றினால் வெளியார் அனைவரும் இடர்ப்படுவர். அடுக்களையை மாற்றுவது வீட்டார் விருப்பம்.

சி மொழியின் பழைய செயற்கூற்றுப் பெயர்கள் உயிரெழுத்துக்களை இழந்து சுருங்கிக் கிடப்பதைப் பயில்வோர் கண்டு வியப்பதுண்டு. 1989-ஆம் ஆண்டின் இலக்கணத்தில் வெளித்தெரியும் பெயர்களின் முதல் ஆறு எழுத்துகளுக்கே உறுதி கூறப்பட்டது. 1999-இல் அது 31 ஆக உயர்ந்தது. அக்காலத்து இடநெருக்கடி மறைந்த பின்னர், சொல்லைச் சுருக்காது எழுதுவதும் சொற்களுக்கிடையே அடிக்கோடு இடுவதும் இயல்வதாயின.

கைக்குரிய விதிகள்

மூன்றாவது வகை விதிகள் தீங்கு செய்யத்தக்க சொற்களை விலக்குவன. ‘கெட்ஸ்’ என்னும் பழைய செயற்கூறு ஒரு வரியைப் படித்து நினைவகத்தில் வைக்கும். அவ்விடம் எவ்வளவு கொள்ளும் என்று அது கேட்பதில்லை. குடத்தின் அளவறியாது வார்க்கும் நீர் வழிந்து அயலிடத்தை நனைப்பதுபோல், மிகுந்த எழுத்துகள் அடுத்த இடத்திலுள்ளவற்றை அழிக்கும். 1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் இணையத்திற் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை நிலைகுலையச் செய்த ‘மாரிஸ் புழு’ என்னும் நிரல், புகுந்த வழிகளுள் ஒன்று இச்செயற்கூற்றின் குறையே. 2011-ஆம் ஆண்டின் இலக்கணம் அதனை மொழியிலிருந்தே நீக்கிற்று. லிப்கர்ல் நூலகத்தின் விலக்குப் பட்டியலில் இதுவும், இடத்தின் அளவைக் கேளாத இதுபோன்ற பிறவும் உள்ளன.

நிபந்தனைக்குள் மாறிக்கு மதிப்பு இடலாகாது என்பதும் அந்நூலகத்தின் விதி. சி மொழியில் ஒரு சமக்குறி மதிப்பை இடும். இரு சமக்குறி ஒப்பிட்டுப் பார்க்கும். 2003-ஆம் ஆண்டு நவம்பரில் லினக்ஸ் கருநிரலின் ஒரு படியில், யாரோ ஒருவர் இரண்டு வரிகளைக் களவாகச் செருகினார். ‘இவர் தலைமை ஆளுநரா’ என்று ஒப்பிடுவதுபோல் தோன்றிய அவ்விடத்தில் ஒரு சமக்குறியே இருந்தது; எனவே அது வினவவில்லை, அவரைத் தலைமை ஆளுநராகவே ஆக்கிற்று. மூலப்படியோடு ஒப்பிட்டமையால் அக்களவு உடனே வெளிப்பட்டது. நிபந்தனைக்குள் மதிப்பிடுதலே கூடாது என்னும் மரபு உள்ளவிடத்தோ, அங்குக் காணும் ஒற்றைச் சமக்குறி பிழையாயினும் சூதாயினும் ஐயத்திற்கு உரியதாகும்.

விதியைக் காப்பவர் யார்?

விதி எழுதுவது எளிது, காப்பது அரிது. ஒருவர் நிரலை மற்றொருவர் ‘இங்கே இடைவெளி மிகுந்தது’ என்று திருத்திக்கொண்டிருப்பின் நட்புக் கெடும், காலமும் வீணாகும். லிப்கர்ல் நூலகத்தார் இதனைப் பொறிக்கே ஒப்படைத்தனர். ‘செக்சோர்ஸ்’ என்னும் சிறு நிரல் வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் படித்து, நீண்ட வரி, டேப் எழுத்து, விலக்கிய செயற்கூறு முதலியவற்றைச் சுட்டுகின்றது. தலைமையாளர் எழுதினும் நேற்று வந்த மாணவர் எழுதினும் அதற்கு ஒன்றே. சிறியனவற்றைப் பொறி பார்த்துக்கொள்வதால், நிரலைப் பார்வையிடும் மனிதர் ‘இதன் பொருள் சரியா’ என்னும் பெரிய வினாவில் கருத்தூன்ற முடிகின்றது.

இனி, மரபின் எல்லையையும் கூறுதல் வேண்டும். அழகாக எழுதிய பொய் மெய்யாகாதவாறுபோல, சீராக எழுதிய பிழையும் பிழையே. 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீடு’ என்னும் குறை ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் இருந்தது. வந்த செய்தி தன் நீளமென்று கூறிய எண்ணைச் சரிபாராமல் நம்பியதே அதற்குக் காரணம். எந்த உள்தள்ளலும் அதனைத் தானே வெளிப்படுத்தியிராது. ஆயினும் அதன்பின் அந்நூலகத்தார் செய்தது நோக்கத்தக்கது. தம் நிரலின் நடை சீரற்றிருப்பதையும் குறைகளுள் ஒன்றாக அவ்வாண்டிலேயே ஒப்புக்கொண்டு, விதிகளை எழுதிவைத்து, 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிரல் முழுவதையும் ஒரே நடையில் மாற்றியமைத்தனர். பலர் கண்கள் பார்த்தாற் பிழை வெளிப்படும் என்பது உண்மையே. ஆனால் கண்கள் பார்க்கத்தக்கவாறு எழுதியிருத்தல் அதனினும் முன்னே வேண்டுவது.

விதிகள் திறமையைக் கட்டுப்படுத்தும் என்பாரும் உளர். வெண்பாவின் தளை புலவனைக் கட்டுகிறதா, தாங்குகிறதா என்று நாம் அவரை வினவலாம். எங்கே இடைவெளி, எங்கே அடைப்பு என்ற ஆராய்ச்சி ஒழிந்தவன் கையில், சிந்தனைக்கு மிகுதியான பொழுது எஞ்சுகின்றது.

முடிவாக, ஆய்வுக்கூடத்தில் நிரல் பயிலும் நம் கல்லூரி நண்பர்களுக்கு ஒரு சொல். பொறி ஏற்றுக்கொண்டதே போதும் என்று அமைதல் வேண்டா. நாம் எழுதிய செயற்கூற்றை நாளை ஒருவர் திறந்து பார்ப்பார். அப்போது நாம் அருகிருந்து விளக்க இயலாது. அவருக்கு நம் முகம் தெரியாது. நம் உள்தள்ளலும் நாம் இட்ட பெயருமே தெரியும். அவர் தடுமாறாமல் படித்துச்செல்லுமாறு எழுதுதல் அவருக்கு நாம் செய்யும் மரியாதை. அந்நிரலை நம்பி, அதன் பெயரைக்கூட அறியாமல், கைப்பேசியின் வழியே தம் பொருளை அனுப்பும் எளிய மக்களுக்கு அதுவே நாம் செய்யும் காவலுமாகும்.